செய்திக்குப் பாதிப் புடவை

நான் வேலை செய்யும் பட்டுக் கடையிலிருந்து முன்பெல்லாம் தினமும் சாயங்காலம் ஒரு புடவை உள்ளூர் கேபிள் டிவிக்குப் போகும். கொண்டுபோவது நான். செய்தி வாசிக்கும் பெண் அதைக் கட்டிக்கொள்வாள். முடிவில் 'புடவை உதவி' என்று எங்கள் கடைப் பெயர் திரையில் ஓடும். முதலாளிக்குத் தெரிந்த விளம்பரம் அவ்வளவுதான்.

கட்டிக்கொள்வாள் என்றேன், அது சரியில்லை. மறுநாள் விற்க வேண்டிய புடவை. முழுக்கப் பிரித்தால் மடிப்புக் கலைந்துவிடும். அதனால் முந்தானையை மட்டும் பிரித்து, அவள் தோளில் கிளிப் போட்டு நிறுத்துவேன். மீதி மடிப்புக் கலையாமல் மடியில் கிடக்கும். மேஜை மறைத்துக்கொள்ளும்.

"மேல கல்யாணப் பொண்ணு, கீழ பழைய சுடிதாரு. எவனாவது மேஜைய நகத்தினா என் மானம் போச்சுக்கா," என்பாள்.

எனக்கு யாரிடமும் சட்டென்று பேச்சு வராது. கடையில்கூட நான் புடவையை எடுத்துப் போடுவேன், மற்றவர்கள் பேசி விற்பார்கள். அவளிடம் மட்டும் வந்தது. செய்தியை எனக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுவாள். எந்தத் தெருவுக்கு எப்போது குழாய்த் தண்ணீர், கருட சேவையன்று பஸ் எங்கே நிற்கும், யார் வீட்டுக் கன்றுக்குட்டி காணவில்லை.

"கன்னுக்குட்டிக்குச் சிரிக்கக் கூடாது இல்லக்கா?"

"அந்த வீட்டுக்காரங்க பாத்துக்கினு இருப்பாங்கம்மா."

சிரிக்காமல்தான் வாசித்தாள். கேமராவுக்குப் பின்னால் நான்தான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. தண்ணீர் வரும் நேரம் தெரு வாட்ஸ்அப் குழுவில் முன்னதாகவே வந்துவிடும்போது, எங்கள் செய்திக்கு யார் காத்திருப்பார்கள்? கேபிள்காரர் நிறுத்திவிட்டார். அவள் கணவனின் வேலைக்காக ஓசூர் போனாள். கொஞ்ச காலம் போனில் பேசினோம். ஒருநாள் என் பட்டன் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அவள் நம்பரும் அதோடு போயிற்று. சிம்மும் கெட்டுப்போனதால் வாங்கிய என் புது நம்பர் அவளுக்குத் தெரியாது.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கடையில் லைவ். முதலாளியின் மருமகள் பேசுவாள், நான் புடவையை விரிப்பேன். போனில் என் கைகள் மட்டும் தெரியும். கீழே ஓடும் பெயர்களில் செய்தி வாசித்தவளின் பெயரைத் தேடுவேன்.

"ஒரு தடவ மூஞ்சிய காட்டுங்கக்கா. வியூஸ் ஏறும்."

"புடவைய பாக்கத்தானேம்மா வராங்க."

போன வெள்ளிக்கிழமை, விரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றியது. அவளும் பார்த்துக்கொண்டிருந்தால்? பட்டு விரிக்கும் கைகள் இந்த ஊரில் எத்தனையோ. இது என் கை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அடுத்து எடுத்தது மாம்பழ மஞ்சள். முந்தானையை மட்டும் பிரித்து என் தோளில் போட்டேன். மீதியை மடிப்போடு இடுப்பருகே பிடித்துக்கொண்டு போன் முன்னால் வந்து நின்றேன். உள்ளங்கை வியர்த்தது. பட்டில் கறை படுமே என்ற பயம் வேறு.

"என்னக்கா, பாதிப் புடவையோட நிக்கிறீங்க? முழுசா விரிங்க."

"இருக்கட்டும்மா. கொஞ்ச நேரம்."

பச்சைக் கரையில் இருக்கிறதா, கூரியர் உண்டா என்று கேள்விகள் வந்தன. அந்த அக்கா யார் என்று யாரோ கேட்டார்கள். அவள் பெயர் வரவில்லை.

முடிந்ததும் மருமகள், "கூச்சப்படுவீங்களே, வீடியோவ அழிச்சிடட்டாக்கா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். ஓசூரில் அவளுக்கு எப்போது ஓய்வு கிடைக்கிறதோ, அப்போது பார்க்கட்டும்.