டாக்டர் மேஜைமேல் ஒரு கால்

அத்தைக்கு வலி வந்ததும் எங்கள் வீட்டில் எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். அப்பா வாயு என்றார். அம்மா, அண்ணி தண்ணீரே குடிப்பதில்லை என்றாள். பக்கத்து போர்ஷன்காரர் மனசுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்: நாள் முழுக்க ஆட்டோ ஓட்டினால் வலிக்காமல் என்ன செய்யும்?

அத்தை அப்பாவின் அக்கா. புருஷன் கை நீட்டினான் என்று அவனை விட்டுவிட்டு வந்து, திருமுல்லைவாயிலில் எங்களோடு இருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினாள். ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் அவள் ஒருத்திதான் பெண். அவள் வாய்க்குப் பயந்து டிராபிக் போலீஸ்கூட "கொஞ்சம் ஓரம் கட்டும்மா" என்று மரியாதையாகத்தான் சொல்வார்.

அவளுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய். நான் இதைச் சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை. வீட்டில்தான் அப்படிச் சுற்றி வளைத்தார்கள். "அடிவயித்துல ஒரு சின்ன கட்டி" என்று அம்மா சொந்தக்காரர்களிடம் இழுப்பாள். அத்தை ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் ஒரே மூச்சில் போட்டு உடைத்தாள்.

"ஒன்னுக்குப் பையில கேன்சர்டா. ரத்தமாப் போச்சு. உள்ள சொரண்டி எடுத்துட்டாங்க. இனிமே வாரா வாரம் மருந்து ஊத்துவாங்களாம். எவனாவது பாவமா பாத்தீங்க, கண்ண நோண்டிடுவேன்."

மருந்து விசித்திரமானது. குழந்தை பிறந்ததும் காசநோய் வராமல் இருக்கத் தோளில் குத்துகிறார்களே, அதே சரக்கு. அதைக் குழாய் வழியாக மூத்திரப்பைக்குள் விடுவார்கள். இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு, இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம், குப்புறக் கொஞ்சம் என்று திரும்பித் திரும்பிப் படுக்க வேண்டும். "தோச மாறி திருப்பிப் போடுறாங்கடி என்னிய" என்பாள் அத்தை. அன்றைக்கெல்லாம் அவள் போய்விட்டு வந்த பிறகு கக்கூஸில் பிளீச்சிங் ஊற்றி வைக்க வேண்டும். வீடே நீச்சல் குளம் மாதிரி நாறும்.

எரிச்சலும் அடிக்கடி போகவேண்டியதும் எதிர்பார்த்ததுதான், முன்பே சொல்லியிருந்தார்கள். ஆட்டோ நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, "இருங்க, தோ வரேன்" என்று ஓடுவாள். எவனாவது முணுமுணுத்தால் திரும்பி வந்து, "உனுக்கும் அது கீதுல்ல? வரும்போது தெரியும்" என்பாள்.

பாதி வாரங்கள் போனபின் புதிதாக ஒன்று வந்தது. அதை யாரும் சொல்லவில்லை. ஒருநாள் மணிக்கட்டு வலிக்கும். மறுநாள் அது போய் முட்டி வலிக்கும். பிறகு கணுக்கால் பூசணி மாதிரி வீங்கும். காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். கண் இரண்டும் சிவந்து கிடக்கும். அவள் ராத்திரியில் அழுகிறாள் என்று அம்மா முடிவு கட்டினாள். அத்தை அழுது யாரும் பார்த்ததில்லை என்பதை அம்மா கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

மருந்துதான் காரணம் என்று அத்தை சொன்னாள். யாரும் நம்பவில்லை. மூத்திரப்பையில் ஊற்றிய மருந்து காலில் எப்படி வலிக்கும் என்று அப்பா சிரித்தார். இடம் மாறுகிற வலி பொய் வலி என்று பக்கத்து போர்ஷன்காரர் சொன்னார். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிகிறது. வலி யாருடையதோ அவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதைப் பற்றித் தெரிந்திருந்தது.

அடுத்த மருந்துக்குப் போகிற நாள் எனக்குக் காலாண்டு விடுமுறை. நான் ஆறாம் வகுப்பு. "அழுவுற மூஞ்சி எதுவும் கூட வர வேணாம், இவ வரட்டும்" என்று அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ரயிலில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டுக் காலை எதிர் சீட்டில் நீட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டர். கண்ணாடி போட்டவர். குனிந்து எழுதிக்கொண்டே கேட்டார்.

"எரிச்சல் இருக்காம்மா?"

"அது கெடக்குது சார். கை காலு வீங்குது. போன தபாவே சொன்னேன்."

"ஆட்டோ ஓட்டுறீங்கல்ல, அதாம்மா. வயசும் ஆகுது. மாத்திரை எழுதித் தரேன்."

"இருவது வருசமா ஓட்டுறேன். இப்போதான் வீங்குது."

"மருந்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. அடுத்தவங்க வரட்டும்."

அவர் தலையைத் தூக்கவே இல்லை.

அத்தை எழுந்தாள். போகப்போகிறாள் என்று நானும் எழுந்தேன். அவள் செருப்பை உதறிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கி டாக்டரின் மேஜைமேல், அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எங்கள் வீட்டில் புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுவோம். நர்ஸ் ஓடி வந்து, "ஏம்மா, அறிவிருக்கா? கால எடும்மா" என்றாள்.

"எடுக்க மாட்டேன். என் மூஞ்ச பாக்க வேணாம். தோ, இத பாக்கட்டும். பாத்துட்டு ஆட்டோன்னு சொல்லட்டும், எடுத்துடுறேன்."

அவளுடைய விரல்கள் என் தோளில் அழுந்தின. எனக்குப் பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

டாக்டர் பார்த்தார். வேறு வழியில்லை, கால் அங்கே இருந்தது. தோல் பளபளவென்று சிவந்திருந்தது. பேனாவை வைத்துவிட்டுத் தொட்டார். தொட்டதும் கையை எடுத்தார், அவ்வளவு சூடு. பிறகு முதல் முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணு எப்போலேர்ந்து சிவந்திருக்கு?"

அவர் எழுந்து போய்ப் பெரிய டாக்டரை அழைத்து வந்தார். அந்த அம்மா கையை, முட்டியை, கண்ணை எல்லாம் பார்த்தார். அப்புறம் அத்தையின் காலைத் தானே பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"நீங்க சொன்னது சரிம்மா. அபூர்வமா சிலருக்கு இந்த மருந்து மூட்டைப் பிடிக்கும், கண்ணையும் பிடிக்கும். இப்போதைக்கு நிறுத்திடலாம். இன்னிக்கு ஊத்த வேணாம்."

இளைய டாக்டர் "சாரிம்மா" என்றார். அத்தை அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"நிறுத்திட்டா?" என்றாள். "உள்ள கீறது என்னா ஆவும்?"

"கேமரா விட்டுப் பாப்போம். பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

அத்தை செருப்பைத் தேடினாள். நான்தான் எடுத்துப் போட்டுவிட்டேன்.

எனக்குக் கால் தரையில் படவில்லை. வரும் வழியெல்லாம் ரயிலில் நானே பேசினேன். ஸ்டாண்டுக்கு வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன், என் காலைத் தூக்கி ஒரு ஆட்டோவின் சீட்டில் வைத்தும் காட்டினேன். "எங்க அத்த சொன்னதுதான் கரெக்டாம். மருந்தையே நிறுத்திட்டாங்க." அவர்கள் கைதட்டினார்கள். "அக்கான்னா சும்மாவா மாமே" என்று ஒருவர் டீயும் பன்னும் வாங்கி வந்தார். அத்தையும் சிரித்தாள். அவள் பன்னை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அத்தை இன்றும் இருக்கிறாள். வீக்கம் வடிந்தது. பிறகு வேறு மருந்து, வேறு குழாய், வருடக்கணக்கில் கேமரா. ஒவ்வொன்றையும் சண்டை போட்டே கடந்தாள். அவளைப் போல ஒருத்தி எங்கள் குடும்பத்தில் இல்லை, அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தன்னை நம்புங்கள் என்று கேட்டாள். நம்பினார்கள். நம்பிய கையோடு, கேன்சரைத் தடுத்து வைத்திருந்த மருந்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்டாண்டிலிருந்து அவள் ஆட்டோவை எடுத்தாள். பின்னால் நான் ஒருத்திதான். சி.டி.எச். ரோட்டில் ஷிப்ட் முடிந்த கூட்டம், வழியெல்லாம் ஆட்கள் கை காட்டினார்கள். ஒரு சவாரியையும் விடாத அத்தை யாருக்கும் நிறுத்தவில்லை. எங்கள் தெரு முனையைக்கூடத் தாண்டி ஆவடிப் பக்கம் நேராகப் போய்க்கொண்டே இருந்தாள். ஜெயித்தவர்கள் இப்படித்தான் ஊர்வலம் போவார்கள் என்று நினைத்துக்கொண்டு, நிற்காத ஆட்டோவைத் திட்டியவர்களுக்கெல்லாம் நான் டாட்டா காட்டினேன்.