பின்பக்கத்து எழுத்து

தண்ணீர் இணைப்பு அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவள் மூத்த எழுத்தர். அங்கே எல்லோரும் அவளுக்கு வைத்திருந்த பெயர் மிச்சம். ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. நாலாகக் கிழித்து, ஓரத்தில் பின் அடித்து, குறிப்பேடாக்கி யார் தலையிலாவது கட்டிவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். "உன் பக்கத்துல மூச்சு விடவே பயமா இருக்கு. அதையும் அளவா விடுன்னு சொல்லுவ" என்பான் பேருந்து ஓட்டுநரான அவள் கணவன்.

தாள் செலவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தபோது மேலாளர் வேறு யாரையும் யோசிக்கவில்லை.

"மேடம், இது உங்களுக்குன்னே வந்த வேலை."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளை நம்பி யாரும் இப்படித் தனியாக ஒரு பொறுப்பை ஒப்படைத்ததில்லை. அவள் முழுமூச்சாக இறங்கினாள். எல்லா அச்சு இயந்திரங்களும் தாளின் இரண்டு பக்கமும் அடிக்கும்படி மாற்றச் சொன்னாள். உள்ளுக்குள் சுற்றும் குறிப்புகளுக்குப் பழைய தாளின் வெற்றுப் பக்கம் போதும் என்றாள்.

"இனிமே ஒரு தாள் வேணும்னா அக்காகிட்ட எழுதிக் குடுக்கணும். ஆனா எழுதத் தாள் இருக்காது" என்றார் ரசீதுப் பிரிவுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். முணுமுணுத்துக்கொண்டே வழிக்கு வந்தார்கள். தாள் கட்டுகள் முன்போல மளமளவென்று தீரவில்லை.

மாடியில் இருந்த இயந்திரத்தில் மட்டும் தாள் செலவு குறையவில்லை. ஒருநாள் அதன் அருகில் இருந்த குப்பைக்கூடையை அவள் கிளறிப் பார்த்தாள். ஒவ்வொரு தாளிலும் நாலைந்து வரிகள்தான். எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. எல்லாம் கணக்காளரின் தாள்கள். அவளோடு ஒரே வருடத்தில் சேர்ந்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். கையில் அள்ளிய தாள்களோடு நேராக அவர் அறைக்குப் போனாள்.

"என்னண்ணே இது, சுவத்துல ஒட்டுற விளம்பரமா?"

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கைப்பிடி இருக்கும் இடத்தை விரல்களால் தடவித்தான் கண்டுபிடித்தார். அவள் கையில் இருந்த தாள்களை மேசைமேல் வைத்தாள்.

"நேராப் பார்த்தா ஒண்ணும் தெரியலம்மா. ஓரத்துல இருக்கறது மட்டும்தான் தெரியுது. கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணிப் படிச்சாலும் வெளிச்சத்துல எல்லாம் கலங்குது. தாள்ல பெருசா இருந்தா எப்படியோ சமாளிச்சிடறேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"போனது போனதுதானாம். பொண்ணு படிப்பு முடியறவரைக்கும் ஓட்டிடலாம்னு பார்க்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

அவள் தலையாட்டினாள். அவருக்கு அது தெரிந்திருக்காது என்று தோன்றவும், "சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவர் சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார். "இந்த ரெண்டு பக்கம் அடிக்கற ஏற்பாடு நீ பண்ணதா? பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் நிழலாத் தெரியுதும்மா. ரெண்டும் ஒண்ணா கலந்துடுது. போன வாரம் ஒரு எண்ணைத் தப்பா ஏத்திட்டேன்."



மறுநாளே மாடி இயந்திரத்தை மட்டும் பழையபடி ஒரு பக்கம் அடிக்கும்படி மாற்ற வைத்தாள். புதுத் தாளாகப் பார்த்து அதில் அடுக்கினாள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவருடைய கோப்புகளைப் படித்துக் காட்டினாள். அவர் செலவழிக்கும் தாளையும் ஈடுகட்ட மற்றவர்களை நெருக்கினாள். தன் பிரிவில் அச்சடிப்பதையே நிறுத்தினாள். ஆனாலும் கோப்புகள் வந்து குவிந்தபடி இருந்தன. அவர் கண்ணும் மங்கிக்கொண்டே போனது.

"பேசாம மேனேஜர்கிட்ட சொல்லிடு" என்றான் கணவன். அவனிடம் மட்டும் அவள் சொல்லியிருந்தாள்.

"சொன்னா அவரை அனுப்பிடுவாங்க."

"சொல்லலன்னா?"

"ஏதாவது பெரிய தப்பு நடக்கும். அப்பவும் அனுப்பிடுவாங்க."



அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகம் இன்னொரு ஏற்பாடு செய்தது. ஒவ்வொருவரும் தன் எண்ணை அழுத்தினால்தான் இயந்திரம் அச்சடிக்கும். யார் எவ்வளவு தாள் செலவழித்தார்கள் என்பது மேலாளருக்குப் போய்விடும். அடுத்த கூட்டத்தில் மேலாளர் கணக்காளர் பெயரைச் சொல்லி, "என்ன சார், ஆபீஸ் மொத்தத்துக்கும் நீங்களே அடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அவள் எழுந்துவிட்டாள். "அவர் இல்ல சார். அவர் நம்பரைப் போட்டு நான்தான் அடிச்சேன்."

அறை முழுக்கச் சிரிப்பு. மிச்சம் தாளை வீணடித்தாள் என்றால் யார் நம்புவார்கள்? "நீங்களா மேடம்?" என்று மேலாளரும் சிரித்தார்.

கணக்காளர் மேசை விளிம்பைப் பிடித்தபடி எழுந்து நின்றார். "அந்தம்மா பொய் சொல்லுது சார். எனக்குக் கண்ணு தெரியல."

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மேலாளரே அவர் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப் போனார். மருத்துவப் பரிசோதனை, விடுப்பு, கடைசியில் ஓய்வு என்று எல்லாம் முறைப்படி நடந்தது. எல்லோரும் அன்பாகவே பேசினார்கள். ஒருவராவது கொடுமைக்காரராக இருந்திருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள்.

தாள் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. "இந்தப் பொறுப்பை வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஏன் மேடம்? நல்லாத்தானே போயிட்டிருக்கு?"

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

விடுமுறை நாட்களில் கணக்காளருக்குப் போன் செய்வாள். அவர் மகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார். வீட்டுக்குள்ளேயே இடித்துக்கொண்டதைச் சொல்லிச் சிரிப்பார். அலுவலகப் பேச்சை இருவருமே எடுப்பதில்லை. ஒருமுறை மட்டும் அவராகக் கேட்டார்.

"என் மேசையில இப்ப யாரு உட்கார்றாங்க?"

அந்த மேசையை எடுத்துவிட்டு அங்கே இரும்பு அலமாரி வைத்திருந்தார்கள்.

"இன்னும் யாரையும் போடலண்ணே."

"ஜன்னலை ஒட்டின இடம். நல்லா வெளிச்சம் வரும்."

"ஆமாண்ணே" என்றாள் அவள். "நல்லா வருது."