ஒரகடத்தில் ஒரு கணினித் தேர்வும் இரண்டாவது ஆளும்

போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரகடம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்ப்பதற்காக இல்லை. அங்கே பார்க்க இருப்பவை தொழிற்சாலைச் சுவர்களும், சுவர் முடிகிற இடத்தில் மனை விற்பனைக் கொடிகளும்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி வாங்கிக் கொடுக்க வேண்டும், கொடுத்ததை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற என் வயதுக்காரர்கள் சிலர் இந்த வலைப்பூவைப் படிக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே ஒரு பெண் தினமும் பஸ் ஏறிப் போய்வர வேண்டியிருக்கிறது.

என் கணவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய காரை விற்று வந்த பணத்தில் பத்துக் கணினிகள் வாங்கி, அந்த ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பயிற்சி மையம் நடத்தும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தேன். பக்கத்திலேயே அரசு மேல்நிலைப் பள்ளி. மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நிரல் எழுதவும் ஆங்கிலம் பேசவும் கற்றுக் கொடுக்கிறார்கள். ஒரு மென்பொருள் நிறுவனம், அந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஆன்லைனில் தேர்வு வைத்து, தேறியவர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டே பட்டப்படிப்பும் படிக்க வைக்கிறது. அந்தச் சனிக்கிழமைதான் தேர்வு. மையத்திலிருந்து ஆறு பேர் எழுதினார்கள். அறக்கட்டளையின் செயலாளர் என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார். அழைத்தால் போகிற வழக்கம் எனக்கு உண்டு.

தாம்பரத்தில் காலை எட்டேகாலுக்கு செங்கல்பட்டு மின்சார ரயிலைப் பிடித்தேன். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பத்து ரூபாய், நாற்பது நிமிடம். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும். ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர், தலைக்கு நாற்பது ரூபாய். ஆள் நிரம்பினால்தான் புறப்படும் என்பதால் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏறிக்க ஆயா. கம்பெனிக்கா போற?" என்றார் டிரைவர்.

என்னை இதுவரை யாரும் ஆயா என்று கூப்பிட்டதில்லை. எழுபத்து நான்கு வயதில் எந்தக் கம்பெனி எனக்கு வேலை கொடுக்கும் என்று கேட்டேன்.

"ஹவுஸ்கீப்பிங்ல எடுக்கறாம்மா, உன்ன மாரி நெறய பேரு கீறாங்க" என்றார், நிஜமான அக்கறையோடு. கணினி மையத்துக்குப் போகிறேன் என்று சொன்னதும், "அதுவா? பசங்க நல்லாத்தான் படிக்குதுங்க. கடைசில எல்லாம் கம்பெனி பஸ்ஸுல வந்து குந்திக்கும்" என்று சொல்லிவிட்டு ஹாரனை அழுத்தினார்.

ஒரகடம் கூட்டுச்சாலையிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். தனி ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். வேறு வழியில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பத்து இருபது. தேர்வு பத்து மணிக்கே தொடங்கியிருந்தது, பன்னிரண்டு வரை நடக்கும்.

செயலாளர் வாசலில் பொன்னாடையோடும் ஒரு போட்டோகிராபரோடும் நின்றார். "உள்ள ஒரே ஒரு நிமிஷம் மேடம். பசங்க எழுதறாங்க, நீங்க பின்னாடி நிக்கறீங்க. ஒரு ஸ்டில்."

முடியாது என்றேன். நான் படித்த கான்வென்ட்டில் தேர்வு நேரத்தில் மதர் சுப்பீரியரே காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் தாழ்வாரத்தைக் கடப்பார். தேர்வு முடியும்வரை யாரும் அந்தக் கதவைத் திறக்கக்கூடாது என்று சொல்லி, வராந்தாவில் நாற்காலி போடச் சொல்லி, கதவுக்கு நேராக உட்கார்ந்துகொண்டேன். காவல் காப்பதாக எனக்கு நினைப்பு.

பதினொன்றுக்குக் கதவு திறந்தது. ஜீவிதா வெளியே வந்தாள். சென்ற ஆண்டு விழாவில் ஆங்கிலத்தில் வரவேற்புரை வாசித்த பெண். 'வெல்கம்' என்ற சொல்லை மேடைக்குப் பின்னால் மூன்று முறை திருத்தினேன், நான்காவது முறை மேடையில் சரியாகச் சொன்னாள். அந்த ஆறு பேரில் கெட்டிக்காரி அவள்தான் என்று செயலாளரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே, ஏன் வந்துவிட்டாய்?"

"மூடிடுச்சு மேடம்."

"எது மூடியது?"

"டெஸ்ட்டு. ரெண்டாவது ஆளு கீறாருன்னு மூடிடுச்சு."

"யார் உள்ளே வந்தது? நான் ஒருவரையும் விடவில்லையே!"

"யாரும் வரல மேடம். அவரு எப்பவும் உள்ளதான கீறாரு" என்று ஜன்னலைக் காட்டினாள்.

எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் ஒரு சுவரோரமாகக் கணினிகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், எதிர்ச் சுவரில், மூன்றடி உயரத்துக்கு என் கணவரின் படம். புது சாமந்தி மாலை. நான் கொடுத்த பாஸ்போர்ட் அளவுப் படத்தை அவ்வளவு பெரிதாக்கி, சாம்பல் நிற டையை நீலமாக்கி, அறக்கட்டளைக்காரர்கள் திறப்பு விழாவன்று மாட்டியது. மாட்டச் சொன்னவள் நானில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். தேர்வு எழுதுகிறவரைக் கணினியில் பொருத்திய கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு முகம்தான் தெரிய வேண்டும். இன்னொரு முகம் தெரிந்தால், யாரோ விடை சொல்லிக் கொடுப்பதாக எடுத்துக்கொண்டு எச்சரிக்கும். மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வை மூடிவிடும். நிற்கிறவர் மனிதரா, சட்டம் போட்ட படமா என்று அதற்குத் தெரியாது. வரிசையின் நடுவிலிருந்த கணினிக்கு நேர் பின்னால் என் கணவர். அன்று எண் வரிசைப்படி ஜீவிதாவுக்குக் கிடைத்த இடம் அது.

பிள்ளைகளுக்கு இது முதல் பயிற்சித் தேர்விலேயே தெரிந்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு முறையும் படத்தின்மேல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் எழுதுவார்களாம். படத்துக்கு 'ரெண்டாவது ஆளு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். "ரெண்டாவது ஆளத் தூங்க வைடா" என்று ஒருவன் கத்துவான், இன்னொருவன் பெட்ஷீட்டை எடுத்துவருவான். இதெல்லாம் அந்த வராந்தாவில்தான் எனக்குத் தெரியவந்தது.

"அப்படியென்றால் இன்றைக்கு ஏன் மூடவில்லை?"

"நேத்தே முத்துராஜ் சார் மூடி வச்சிருந்தாரு மேடம். காலைல இவரு வந்து கயட்டிட்டாரு" என்று செயலாளரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

செயலாளரின் முகம் வெளுத்தது. "மரியாதைக்குத்தான் மேடம். நீங்க வர்ற நேரத்துல ஐயா முகத்த மூடி வெச்சிருந்தா நல்லாவா இருக்கும்? இந்தப் பொண்ணுகிட்ட அப்பவே சொன்னேன், தலையக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ச்சு உக்காரும்மான்னு."

"சாஞ்சேனே" என்றாள் ஜீவிதா. "தலையச் சாய்க்காத, நேரா குந்துன்னு அதுக்கு ஒரு வார்னிங் குடுத்துச்சு. நேரா குந்துனா உங்க ஐயா வர்றாரு."

படத்தைக் கழற்றிவிடலாம் என்று எழுந்தேன். முடியவில்லை. உள்ளே இன்னும் ஐந்து பேர் எழுதுகிறார்கள். அந்தச் சுவருக்கு யார் போனாலும் இன்னொரு பிள்ளையின் கேமராவில் விழுவார்கள். ஆசிரியர் முத்துராஜ் உள்ளே கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, மாலையில் இங்கே பாடம். ஜீவிதா கையைத் தூக்கிக் கூப்பிட்டபோதும் அவரால் கிட்டே போக முடியவில்லை. போனால் அவர்தான் இரண்டாவது ஆள்.

தேர்வு நடத்தும் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். இருபது நிமிடம் இசை கேட்க வைத்தார்கள். பிறகு வந்த இளைஞரிடம், என்ன நடந்தது, அது ஏன் மாணவியின் தவறில்லை, அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் வரிசையாகச் சொன்னேன். அவர் கடைசிவரை மரியாதையாகவே பேசினார். முடிவு கணினி எடுத்தது, மனிதர்கள் மாற்ற முடியாது என்றார். அடுத்த ஆண்டு எழுதலாமா என்று கேட்டதற்கு, அடுத்த ஆண்டு பிளஸ் டூ முடிப்பவர்களுக்குத்தான் அது என்றார். இந்த நாள் இனிதாக அமையட்டும் என்றும் சொன்னார்.

ஜீவிதா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இங்கிலீஷ் சூப்பரா பேசறீங்க மேடம். அவனுக்குப் புரிஞ்சுதா?"

"நன்றாகப் புரிந்தது."

"அப்பறம் இன்னாத்துக்கு முடியாதுன்றான்?"

ஃபோனைக் கைப்பையில் போட்டேன்.

பன்னிரண்டுக்குச் சற்று முன் ஸ்கூட்டியில் அவளுடைய அக்கா ரேவதி வந்தாள். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு ஃபோன் தொழிற்சாலையில், பாகங்களைப் பொருத்தும் லைனில் நிற்கிறாள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தாள். "இன்னாடி, ஆச்சா? மூஞ்ச ஏன் இப்டி வச்சினுகீற?" என்று கேட்டபடியே வண்டியை நிறுத்தினாள்.

ஜீவிதா நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அழவில்லை. அக்காதான் ஸ்கூட்டி சீட்டில் ஓங்கிக் குத்தினாள்.

"ப்ளஸ் டூ முடிச்சதும் லைனுக்கு அனுப்பலாம்னு வூட்ல ஒத்தக் கால்ல நின்னாங்க மேடம். இந்த ஒரு டெஸ்ட் எழுதட்டும்னு நான்தான் ஓவர்டைம் பாத்து நிறுத்தி வச்சிருந்தேன். எங்க சூப்பர்வைசரு சீட்டு கீது, திங்கக்கெழம வரச் சொல்லுன்னுகினே கீறாரு. இனிமே நான் இன்னா சொல்லி நிறுத்த?"

நான் மேலே படிக்க வைக்கிறேன் என்று தொடங்கினேன். வாக்கியத்தை முடிக்க விடாமல் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வேணாம் மேடம். நீங்க நல்லதுதான் பண்ணீங்க, கம்ப்யூட்டர்லாம் குடுத்தீங்க. ஐயா போட்டோவ மட்டும் ஆபீஸ் ரூம்ல மாட்டச் சொல்லுங்க. மீதிப் புள்ளைங்களாச்சும் எழுதும்." தங்கையைப் பார்த்து, "ஏறு. இங்க நின்னுகினு இன்னா பண்ணப்போற?" என்றாள். போய்விட்டார்கள்.

தேர்வு முடிந்து மற்றவர்கள் வெளியே வந்ததும் நானே உள்ளே போய் ஒரு ஸ்டூலை இழுத்தேன். முத்துராஜ் ஓடிவந்து படத்தை இறக்கினார். "மன்னிச்சிருங்கம்மா. மூடித்தான் வைக்கணும்னு சார்ட்ட ரெண்டு தடவ சொன்னேன், கேக்கல. பெறகு நான் அங்கன நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் செய்ய முடியல" என்றார். அவர் குரல் சரியாக இல்லை. செயலாளரின் குரல் அதற்குள் சரியாகிவிட்டிருந்தது. "ஆறுல அஞ்சு பேர் எழுதிட்டாங்க மேடம். எண்பது பெர்சன்ட்டுக்கு மேல" என்றார். பொன்னாடை இன்னும் அவர் கையிலேயே இருந்தது. வாங்கிக்கொள்ளாமல், படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

திரும்பும்போது படப்பை வழியாக வந்தேன். ஒரகடம் கூட்டுச்சாலையிலிருந்து தாம்பரத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். சாதாரண அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. படப்பைக் கடைத்தெருவில் எப்போதும் நெரிசல், ஒன்றேகால் மணி நேரம் ஆகும். படத்தை மடியில் நிறுத்திப் பிடித்திருந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்து, "உங்களுக்கு ஃப்ரீம்மா. பெரியவரு ஆம்பளையாச்சே, அவருக்குத்தான் டிக்கெட்டு" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. டிக்கெட்டும் நிஜமாகவே கிழித்தார், பெரிய பொருளுக்கு லக்கேஜ் கட்டணமாம். பணத்தைக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். எதிரே ஷிப்ட் மாறும் நேரத்துக் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லா ஜன்னலிலும் ஜீவிதா வயதுப் பிள்ளைகள் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து அறக்கட்டளையிலிருந்து வாட்ஸப்பில் ஒரு வாழ்த்துப் படம் வந்தது. நடுவில் ஜீவிதா. 'தகவல் தொழில்நுட்பத் துறையில் பணி பெற்ற எங்கள் மாணவி' என்று கீழே எழுத்து. மூலையில், வட்டத்துக்குள், நீல டையோடு என் கணவர். அவள் அக்காவின் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டதை முத்துராஜ் ஏற்கெனவே ஃபோனில் சொல்லியிருந்தார். உடனே செயலாளரைக் கூப்பிட்டு, அவள் தொழிற்சாலை லைனில் ஃபோன் மூடி பொருத்துகிறாள், இது என்ன பொய் என்று கேட்டேன். "ஃபோன் கம்பெனி மேடம். ஃபோனும் ஐ.டி.ல வர்றதுதான்" என்றார். என் கணவரின் முகத்தை எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார். பொய்யையும் எடுக்கச் சொன்னேன். அதை எடுக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ரயில் வழியில் காத்திருப்பு அதிகம், பஸ் வழி சுகமானது. வெயில் காலத்தில் தண்ணீரும் குடையும் கட்டாயம். கூட்டுச்சாலையில் டிபன் சுமார்தான், படப்பையில் சாப்பிட்டுக்கொள்ளலாம். தேர்வு நாளிலோ விழா நாளிலோ போகாதீர்கள். சொல்லிவிட்டும் போகாதீர்கள். வகுப்பு நடக்கிற ஏதாவது வார நாளில், மாலை ஆறரைக்கு மேல், கல்வெட்டு, படம், பொன்னாடை எதுவும் எதிர்பார்க்காமல் போங்கள். ஒரு பிள்ளையை எழுந்திருக்கச் சொல்லி, அதன் நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவைப் போடச் சொல்லி, உங்களுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடம் போதும்.

நான் அதற்கு முன் மூன்று முறை அந்த மையத்துக்குப் போயிருக்கிறேன். மூன்று முறையும் எனக்கு மேடையில்தான் நாற்காலி போட்டிருந்தார்கள்.