ஒரே அளவில் எட்டுத் துண்டுகள்

அந்தத் தெருவில் அவளுக்கு அரை இஞ்சு அக்கா என்று பெயர். பள்ளிச் சீருடை தைப்பவள். தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தால், வாங்க வந்தவர் "பரவால்லக்கா, குடுங்க" என்று கையை நீட்டினாலும் தர மாட்டாள். "உங்களுக்குப் பரவால்ல. எனக்குத் தூக்கம் வராது" என்று அவர் கண்ணெதிரிலேயே பிரித்துவிடுவாள். யாரிடமும் போய்த் தொழில் பழகியதில்லை. கல்யாணமான புதிதில் கணவரின் பழைய சட்டை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துப் போட்டு, எந்தத் துண்டு எதனோடு சேர்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொண்டது.

கணவர் படகோட்டி. கரையைவிட்டுத் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் காய்கறி மூட்டைகளையும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பதினெட்டு அடி ஃபைபர் படகு. வாங்கும்போதே பழசு, அதை இருபத்திரண்டு வருடம் ஓட்டினார். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் மெதுவாகத் திரும்பியது. படகு வீட்டு வாசலில் மரக்கட்டைகள்மேல் ஏறி உட்கார்ந்தது.

ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"வித்துரலாமாங்க?"

"வித்துரு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அவள் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள்.

வாங்க வந்தவர் பள்ளி வேன் ஓட்டுபவர். பிள்ளைகளின் சீருடை விஷயமாக வந்து போகிறவர், லீவு நாளில் குடும்பத்தோடு தண்ணீரில் போய்வர ஒரு படகு தேடிக்கொண்டிருந்தார். படகைச் சுற்றி வந்தார். மோட்டார் மாட்டும் பின்பலகையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். உள்ளே எதுவோ நெறநெறத்தது.

"என்னக்கா, கெழவன் பல்லு மாதிரி ஆடுது? இத மட்டும் சரி பண்ணிக் குடுங்க. நான் எடுத்துக்கறேன்."

பின்பலகை வெளியே பார்க்கத்தான் ஃபைபர். இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட் வைத்து ஒட்டியிருப்பார்கள். மோட்டாரின் போல்ட் துளை வழியே வருடக்கணக்கில் தண்ணீர் கசிந்து அந்தப் பிளைவுட் உளுத்துப்போயிருந்தது. பட்டறைக்கு அனுப்பக் கட்டுப்படியாகாது.

"நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்" என்றாள்.

"இது பாவாடை இல்லடி."

"தெரியும். பாவாடைல ஓட்டை விழுந்தா யாரும் முழுகிப் போக மாட்டாங்க. நீங்க சொல்லுங்க."

பக்கவாதம் வந்தபிறகு அவர் சிரித்தது அன்றுதான். ஒரு பக்க உதடு மட்டும் ஏறியது.

வாசற்படியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தாள். இரவல் வாங்கிய கிரைண்டரால் படகின் உள்பக்கத் தோலை வெட்டி எடுத்தாள். உள்ளே இருந்த பிளைவுட், வடிகட்டிய தேயிலைச் சக்கைபோல் கையோடு வந்தது. அள்ளி இரண்டு சாக்கில் கட்டினாள். மேசை விசிறி வைத்து ஒரு வாரம் காயவிட்டாள். பிறகு சட்டைக்கு வெட்டுவதுபோலவே காகிதத்தில் அளவெடுத்து, அதன்படி புது பிளைவுட் அறுத்து, ரெசின் பசை பூசி, கிளாம்ப் போட்டு இறுக்கினாள்.

"ரெசின் இறுக ஹார்டனர் ஒரு மூடிதான். ஒண்ணுன்னா ஒண்ணு."

"கைய நீட்டி அடிக்காத குறைதான். ஒண்ணுதாங்க ஊத்தினேன்."

"அந்த ஓரத்து கிளாம்ப இன்னும் கொஞ்சம் முறுக்கு."

"முறுக்கினா எனக்குக் கண்ணு பிதுங்குது. போதும்."

மூலைகளில் பட்டிப் பசை வைத்து வளைவாக இழுத்துவிடச் சொன்னார். கண்ணாடி நார்த் துணி செங்குத்தான மூலையில் மடங்காதாம். அவர் சொல்லி முடிக்குமுன் அவளுக்குப் புரிந்துவிட்டது. "சட்டைக் கைக்குழில வளைச்சு வெட்டற மாதிரி" என்றாள். "அதே" என்றார் அவர். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் ஒருவர் வேலையைப் பற்றி மற்றவர் பேசியது அந்த மூன்று வாரத்தில்தான்.

கடைசியாக அந்த நார்த் துணியை எட்டு அடுக்காக ஒட்ட வேண்டும். எட்டுச் சீருடைக்கு வெட்டுவதுபோல எட்டுத் துணியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாக்பீஸால் கோடு போட்டு, பெரிய கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டினாள். கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் இடது கட்டைவிரலால் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை தடவினார். புத்தகத்தின் ஓரம்போல ஒன்றாக இருந்தது.

"ஒரு நூல் பிசகுதா, பாருங்க."

"இல்ல" என்றார். "பிசகல."

அன்று முழுக்க அவர் அதிகம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தாள். எட்டையும் ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் உருளையால் அழுத்தி எடுத்தாள். படகின் பக்கச் சுவரில் எட்டு ஓரமும் ஒரே கோட்டில், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல முடிந்தன. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பட்டன் வைக்கலியா அக்கா?" என்று கேட்டுப் போனாள்.

சனிக்கிழமை வேன்காரர் வந்து கை முஷ்டியால் தட்டிப் பார்த்தார்.

"கல்லு! அண்ணே, எனக்கு நீச்சல் தெரியாது. என் வீட்டுக்காரிக்கும் தெரியாது. பசங்க ரெண்டும் தலைக்குக் குளிப்பாட்டினாலே ஊரைக் கூட்டும். நாலு பேரும் உங்க படக நம்பித்தான் எறங்கறோம். தாங்கும்ல?"

"இன்னும் காயணும்" என்றார் கணவர்.

வேன்காரர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார். மதியம் கணவர் சாப்பாட்டைத் தொடவில்லை. தட்டை எடுக்க அவள் குனிந்தபோது சொன்னார்.

"அத ராவி எடுத்துரு."

"எத?"

"நீ ஒட்டின எட்டையும். எல்லாம் ஒரே கோட்டுல முடியுது. மோட்டர் தள்ளுற தள்ளு பூரா அந்தக் கோட்டுல விழும், அங்கயே விரிசல் விடும். ஒவ்வொண்ணும் முந்தினத விட ரெண்டு வெரல் நீண்டு போகணும். படிக்கட்டு மாதிரி."

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"எப்பப் பாத்தீங்க?"

"மடியில வெச்சப்பவே."

முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள். "ஓரம் ஒண்ணா இல்லன்னா எனக்கு அது தப்புன்னு உங்களுக்குத் தெரியும். நான் அப்படித்தான் வெட்டுவேன்னும் தெரியும். பிசகலன்னு சொன்னீங்களே."

"ரெண்டு தடவ ஓட்டினா விரிசல் தெரியும். வேணாம்னு திருப்பிக் கொண்டாந்து விட்ருவான்னு நெனச்சேன்."

"நடுத் தண்ணில விட்டுதுன்னா?"

"அத நெனைக்கல." வலது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது, அவர் அதை எடுத்துவிடவில்லை. "நெனைக்காம இருந்தேன்."

"விக்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விக்காம இருந்திருப்ப. உக்காந்து நீ மட்டும் தைச்சுத் தைச்சு..." அவர் வாய் கோணியது. அவள் பார்க்காமல் எழுந்து போனாள்.

ராவி எடுக்க மூன்று நாள் பிடித்தது. மூக்குக்குத் துணி கட்டி, அவருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு செய்தாள். நார்த் தூள் கழுத்தில் ஏறி அரித்தது. முதல் நாள் அவர் வாசலுக்கு வரவில்லை. இரண்டாம் நாள் அவளே நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு, அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்கார வைத்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். அவள் செய்தாள். முதல் துண்டு சிறியது. அடுத்தது இரண்டு விரல் பெரியது. அதற்கடுத்தது இன்னும் இரண்டு விரல். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டினாள். அளவைத் தவிர இருவரும் வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. எட்டாவது துண்டு ஒட்டியதும், ஓரம் எங்கே முடிகிறது என்று கைக்கே தெரியவில்லை. அவர் தடவிப் பார்க்கக் கேட்கவில்லை. அவளாகவே அவர் இடது கையைப் பிடித்து அங்கே வைத்தாள்.

"சரியா?"

"சரிதான்."

அவர் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு டார்ச் எடுத்துவந்து, குனிந்து, தானே இன்னொரு முறை ஓரத்தைச் சோதித்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேன்காரர் டிரெய்லரோடு வந்தார். போல்ட் துளைக்குள் ரெசின் தடவிக் காயவிட்டுத்தான் போல்ட் போட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தண்ணீர் இறங்கும் என்று கணவர் இரண்டு முறை சொன்னார். "ஒரு நாள் வாங்கண்ணே, உங்களையே கூட்டிட்டுப் போறேன்" என்றார் வேன்காரர். "ம்" என்றார். படகு தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில் நின்றாள். அவர் உள்ளே போய்விட்டிருந்தார்.

பத்து நாள் கழித்து வேன்காரர் போன் செய்தார். பின்னால் மோட்டார் சத்தமும் பிள்ளைகள் கத்துவதும் கேட்டன. பேசி முடித்துவிட்டு அவள் அறைக்குள் வந்தாள்.

"முழு வேகத்துல போட்டுப் பாத்தாராம். அசையலையாம்."

"தண்ணி?"

"சொட்டுக்கூட இல்லையாம்."

அவர் தலையை ஆட்டினார். அவள் தையல் மெஷினுக்குத் திரும்பி, விட்ட இடத்தில் துணியைச் செருகினாள்.

"திருப்பித் தர்றேன்னு எதுவும் சொல்லலியா?"

சக்கரத்தின் மேல் அவள் கை நின்றது.

"இல்லங்க" என்றாள்.