வண்டித் தடத்தில் விழுந்த ஏரியல்

என் கணவருக்கு இரண்டு குடும்பம் என்று ஊரில் கேலி செய்வார்கள். ஒன்று நானும் பிள்ளைகளும். இன்னொன்று சன்னலோரத்து மேசையில் இருந்த வயர்லெஸ் பெட்டி. எழுபதுகளின் தொடக்கம் அது. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். அவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். பரீட்சை எழுதி, சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி, ராணுவத்தில் கழித்துவிட்ட சாமான்களைக் கொண்டு அவரே கட்டிய பெட்டி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து மோர்ஸ் தந்திக் குறி தட்டுவார். பெங்களூரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ யாராவது பதில் தட்டிவிட்டால் அன்றைக்கு மனிதருக்குச் சோறுகூட வேண்டாம்.

பெட்டிக்கு உயிர் ஏரியல்தான். எங்கள் ஓட்டு வீட்டை ஒட்டி நட்ட மூங்கிலில் தொடங்கி, வண்டித் தடத்துக்கு மேலாகப் போய், எதிர்ப்பக்கம் விவசாயம் பார்த்த காட்டுக்காரரின் புளியமரத்தில் முடியும் செப்புக் கம்பி. அதிலிருந்து ஒரு கம்பி சன்னலுக்கு இறங்கும். அந்த இடத்தில் கை எட்டும் என்பதால் ஒருநாள் ஈரப் புடவையைப் போட்டுவிட்டேன். அவர் குதித்த குதி இருக்கிறதே! மறுநாளே இரண்டு தகரத்தில் சிவப்புப் பெயின்ட்டால் மண்டை ஓடு வரைந்து, 'அபாயம், தொட்டால் மரணம்' என்று எழுதி, எங்கள் சுவரில் ஒன்றும் புளியமரத்தில் ஒன்றும் அடித்துவிட்டார். பெட்டி ஓடும்போது தொட்டால் விரல் சுடும் என்று என்னிடம் அவரே சொல்லியிருக்கிறார். பெட்டியை அணைத்துவிட்டால் அது வெறும் கம்பி. மரணமெல்லாம் அவருடைய கைச்சரக்கு.

ஒரு சித்திரை மாதச் சாயங்காலம் சித்தேரி மலைப்பக்கமிருந்து சூறைக்காற்று கிளம்பியது. அரை மணி நேரம்தான். சமையலறை ஓடுகள் பாதி பறந்துவிட்டன. கரண்ட் போய்விட்டது. விடிந்ததும் வெளியே வந்து பார்த்தால், மூங்கில் இரண்டாக முறிந்து கிடக்கிறது. புளியமரத்தின் பெரிய கிளை கம்பியோடு ஒடிந்து, வண்டித் தடத்து வேலிமுள்ளில் சிக்கிக் கிடக்கிறது.

"அடுப்பு மேல ஆகாசம் தெரியுது. ஓட்டப் பாருங்க" என்றேன்.

"ஓடு எப்ப வேணும்னாலும் கெடைக்கும். காத்தடிச்சிருக்கு, எல்லாரும் மூங்கிலுக்குத்தான் பறப்பாங்க" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். கனமாக இருந்ததால் தப்பித்தது.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் எதிர்க்காட்டிலிருந்து மாட்டு வண்டி வந்தது. காட்டுக்காரரே ஓட்டி வந்தார். உள்ளே அவருடைய மருமகள் பிரசவ வலியில் முனகிக்கொண்டிருந்தாள். பஸ் ரோட்டுக்குப் போய் அரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு வேறு வழி கிடையாது. கம்பியைக் கண்டதும் அவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

நான் வாசலிலிருந்தே கத்தினேன். "அது வெறும் கம்பிங்க மாமா, ஓட்டுங்க!"

"தொட்டா மரணம்னு சாரே எழுதி வெச்சிருக்காரேம்மா."

"நாங்க துணி போடாம இருக்கறதுக்கு எழுதுனதுங்க. ஊர்லயே கரண்டு இல்ல, இதுல எங்கிருந்து வரும்?"

"கரண்டு எந்நேரம் திரும்பி வரும்னு யாருக்குங்க தெரியும்? வண்டியில ரெண்டு உசுரு இருக்குது. சாரு வரட்டும்."

சார் எப்போது வருவது? வண்டிக்குள் அந்தப் பெண் அலறினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஆம்பளைதானா நீங்க? புள்ள துடிக்கிறா, ஒரு கம்பிக்குப் பயந்து நிக்கிறீங்களே!" என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் முகம் கறுத்தது. அப்போதும் மாட்டை ஓட்டவில்லை. நான் தடத்துக்குப் போய்க் கம்பியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தேன். கரண்ட் கம்பி எதையும் அது தொடவில்லை. மாதாவே என்று குனிந்து பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. முள்ளில் பின்னிக்கொண்டிருந்ததால் இழுத்தால் வரவில்லை. வண்டியிலிருந்து கொடுவாளை வாங்கி இரண்டு இடத்தில் வெட்டி ஒதுக்கினேன். கிளையின் கொப்புகளைக் கழித்ததும் வண்டி போயிற்று.

அன்று மதியம் அரூரில் பெண் குழந்தை பிறந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருக்க முடியாது என்று நர்ஸ் திட்டினாராம். என் கணவர் மூங்கிலோடு வந்து முதலில் கேட்டது, "ஏன் வெட்டுன? அவுத்திருக்கலாமில்ல?" என்றுதான். நடந்ததைச் சொன்னேன். மூங்கிலைக் கீழே போட்டுவிட்டுப் போய் இரண்டு தகரத்தையும் பிடுங்கிப் போட்டார்.

அப்புறம் ஒரு மாதம் ஏரியல் வேலை. கரண்ட் வரப் பல நாள் ஆனதால், பற்றுவைக்கிற இரும்பை என் அடுப்பில்தான் காய்ச்சினார். வெட்டின இடங்களில் கம்பியைப் பளபளவென்று சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்தார். ஒட்டுப் போட்டதில் குறைந்த நீளத்துக்குத் துண்டு சேர்த்து, மறுபடி டேப் பிடித்து அளந்தார். மரப்பக்கம் இந்தத் தடவை இறுக்கிக் கட்டவில்லை. நுனியில் கரண்ட் தாண்டாத பீங்கான் குமிழ் கோத்து, கயிற்றைக் கப்பியில் விட்டு, கயிற்றின் மறுமுனையில் கல்லைத் தொங்கவிட்டார். காற்றில் மரம் ஆடினால் கல் ஏறி இறங்கும், கம்பி அறாது. நடுவில் ஓடும் மாற்றினார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கோ அந்த ஒரு மாதமும் ஒரே கதைதான். குழாயடியில், சந்தையில், கோயில் வாசலில், "கம்பியப் பாத்து நடுங்குன மனுசன்" என்று காட்டுக்காரரை நடித்தே காட்டுவேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் சந்தைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். ஆனாலும் கம்பி ஏற்றுகிற அன்றைக்குக் கூப்பிடாமலே வந்தார். மிச்சமிருந்த கிளையில் கப்பி கட்ட இடம் காட்டிவிட்டு, கயிற்றை இழுக்கவும் நின்றார்.

"தைரியமாப் புடிங்க மாமா, கயித்துல கரண்டு இல்ல!" என்றேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

கைக்குழந்தையோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த மருமகள் என் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, தகரத்துல எழுதுனது பொய்யின்னு உங்களுக்குத் தெரியுந்தானுங்க?"

"தெரியாமயா தொட்டேன்?"

"வண்டியில படுத்துக்கிட்டு உங்களத்தான் பாத்துட்டிருந்தேன். கம்பியத் தொடும்போது உங்க கை வெடவெடன்னு ஆடுச்சு." குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "பொய்யின்னு தெரிஞ்ச உங்களுக்கே அப்படி ஆடுச்சு. எங்க மாமாவுக்கு அது நெசமுங்க. என்னையும் புள்ளையையும் வெச்சுக்கிட்டு அவரு எப்படிங்க வண்டிய ஓட்டுவாரு?"

மெதுவாகத்தான் சொன்னாள், வேறு யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கம்பி பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் போய்க் காட்டுக்காரருக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "நல்லா இழும்மா" என்றார்.