ஒரு முகூர்த்தப் புடவைக்கு வாங்கிய ஃபார்வர்ட்

எங்கள் ஊர்க் கால்பந்து அணியைச் சீரமைக்கும் பொறுப்பை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு முப்பது வயது. தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை. வாழ்க்கையில் பந்து என் காலில் பட்டது ஒரே ஒரு முறை, அதுவும் நான் விலகத் தாமதமானதால். ஆனால் நூலகத்துக்கு வரும் ஆங்கில விளையாட்டுப் பத்திரிகையை இரவல் வாங்கி அட்டை முதல் அட்டை வரை படிப்பவன். ஐரோப்பாவில் எந்த அணி எந்த ஆட்டக்காரரை விற்றது, ஏன் விற்றிருக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இவ்வளவு ஞானத்தையும் ஆரணியில் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சலூனில்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அதற்கு முந்தைய பொங்கல் போட்டியில் எங்கள் அணி முதல் ஆட்டத்திலேயே சேத்துப்பட்டு அணியிடம் ஏழு கோல் வாங்கி வெளியேறியிருந்தது. திருப்பிக் கொடுத்தது பூஜ்யம். அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் மூன்று நல்ல ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள். ஒருவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை, ஒருவனுக்கு துபாய், ஒருவனுக்கு மாமியார் வீட்டில் மளிகைக் கடை. மிஞ்சியவர்களை வைத்துக்கொண்டு மிஷன் பள்ளி டிரில் மாஸ்டர் தினமும் சாயங்காலம் விசில் ஊதிக்கொண்டிருந்தார். அணி அவருடையது. அணியைப் பற்றிய கருத்துகள் மட்டும் எங்களுடையவை.

அந்த ஆண்டு எங்களுக்கு ஒரு நிதி கிடைத்தது. நிதி என்றால் பணமில்லை. பட்டு வியாபாரி ஒருவர், "காசு குடுத்தா பிரியாணி துன்னுட்டு வந்துடுவீங்க" என்று எங்களைச் சரியாகக் கணித்து, ஒரு முகூர்த்தப் பட்டுப்புடவை தருவதாகச் சொன்னார். பாவு நூலும் ஜரிகையும் அவருடையவை, நெசவுக்கூலியும் அவரே கொடுத்துவிடுவார். புடவையை விற்றுக்கொள்வதோ, யாருக்காவது கொடுத்து காரியம் சாதிப்பதோ எங்கள் சாமர்த்தியம். ஆக, எங்கள் அணியின் மொத்த பட்ஜெட் ஒரு புடவை. அதை எப்படிச் செலவிடுவது என்று சலூனில் மூன்று வாரம் விவாதம் நடந்தது.

"பதினோரு பேருல ஆறு பேரு கேன்வாஸ் ஷூவுல ஆடிகினு கீறான்" என்றார் சலூன்காரர். "புடவைய வித்து எல்லாருக்கும் பூட்ஸ் வாங்கு. முடிஞ்சுது கதை."

"பூட்ஸ் போட்டா கோல் நிக்குமா?" என்றார் தலையை ஒப்புக்கொடுத்துக் குந்தியிருந்த டிரில் மாஸ்டர். "உள்ள போனது ஏழு. எனக்கு ஒரு கோல்கீப்பர் வேணும்பா. கை ரெண்டும் வேலை செய்யற கோல்கீப்பர்."

நான் பத்திரிகையை மடித்தேன். "கோல் போடாத டீம் ஜெயிச்சதா சரித்திரத்துலயே கிடையாது சார். மொத்தத்தையும் ஒருத்தன் மேல போடணும். மெட்ராஸ்லேருந்து ஒரே ஒரு சென்டர் ஃபார்வர்ட். கெஸ்ட் பிளேயரா எறக்கலாம்."

"அப்ப உங்க மச்சான் எங்க ஆடுவாரு?" என்றார் டிரில் மாஸ்டர்.

சலூன்காரரின் கத்தி நின்றது. பதினைந்து வருடமாக எங்கள் அணியின் சென்டர் ஃபார்வர்ட், என் மனைவியின் அண்ணன். கைத்தறி நெசவாளர். வயது முப்பத்து நான்கு. அணியின் கால்சட்டை இல்லாமல் அவரை நினைத்துப் பார்க்க ஊரில் யாராலும் முடியாது. ஆனால் கடைசி இரண்டு வருடமாக பந்து போன பிறகுதான் அவர் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்.

"வயசாச்சு இல்ல" என்றேன்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் அந்த வாக்கியம் போய்ச் சேர்ந்திருந்தது. என் மனைவி தட்டை வைத்தாள். வைத்த சத்தத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"எங்கண்ணனுக்கு வயசாயிடுச்சாமே?"

"ஃபுட்பாலுக்கு..."

"ஒங்களுக்கு ஆவலியா? கலெக்டர் ஆபீஸ் மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு நேத்து சொன்னது யாரு?"

"நான் சென்டர் ஃபார்வர்ட் இல்லையே."

"அது ஊருக்கு நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள். அந்த வாரம் முழுக்க ரசம் ஒரு நேர்மையான திரவமாக, அடியில் எதையும் மறைக்காமல் இருந்தது.

இருந்தாலும் சலூனில் என் கட்சி ஜெயித்தது. நானும் டிரில் மாஸ்டரும் சென்னைக்குப் போனோம். வடசென்னையில் இரண்டாம் டிவிஷன் லீக்கில் ஆடும் ஒரு பையனை அவர் பார்த்து வைத்திருந்தார். ஒல்லி, இரண்டு காலிலும் அடிப்பான். பேச்சுவார்த்தை அவனோடு ஐந்து நிமிஷம், அவன் அம்மாவோடு ஒன்றரை மணி நேரம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் ஆரணி என்றதும் அந்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். உடல் அரக்கு, பார்டர் மயில்கழுத்துப் பச்சை, முந்தானையில் மாங்காய், பார்டரில் அன்னம், ஜாக்கெட் துணி சேர்த்து. மூன்று ஆட்டத்துக்கும் மகன் வருவான். நான் எல்லாவற்றையும் அரசாங்கக் கையெழுத்தில் குறித்துக்கொண்டேன்.

வியாபாரியிடம் குறிப்பைக் கொடுத்தோம். அவர் அதைப் படித்துவிட்டு, அந்தச் சமயம் எந்தத் தறியில் புதுப் பாவு ஏறியிருக்கிறது என்று பார்த்தார். என் மச்சானுடைய தறியில் ஏறியிருந்தது. வேலையை அங்கே ஒதுக்கிவிட்டார். மூன்று புடவைக்கான பாவு. அதில் முதல் புடவை எங்களுடையது.

இதை நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. மச்சான் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். தன் இடத்துக்கு வரப்போகிறவனின் விலையைத் தானே நெய்ய வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. குறிப்பை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"முகூர்த்தம் எப்போ மாப்ள?"

எங்கள் ஊரில் எந்த நெசவாளரும் முதலில் கேட்கும் கேள்வி அது. ஒன்றரை மணி நேரத்தில் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வியும் அதுதான். படிவத்தில் ஒரு பத்தி நிரப்பாமல் விடப்பட்டிருக்கிறது என்று எந்த எழுத்தரும் ஒப்புக்கொள்வதில்லை.

"பொங்கலுக்கு அப்புறம்" என்றேன்.

"அடுத்த பொங்கல் வரைக்கும் பொங்கலுக்கு அப்புறந்தான்" என்று சொல்லிவிட்டு அவர் மிதியை அழுத்தினார்.

அதற்குப் பிறகு சலூனில் புதுக் கவலை பிறந்தது. நெய்வாரா? நெய்தாலும் நேரத்துக்கு முடிப்பாரா? "என்ன இருந்தாலும் மனுசன்தான? என்னையே என் நாற்காலிய சுமந்துகினு போயி இன்னொருத்தன் சலூன்ல போடச் சொன்னா நான் ஜல்தியா போவேனா?" என்றார் சலூன்காரர். ஒவ்வொரு நாளும் எவ்வளவு முழம் ஏறியிருக்கிறது என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள். உறவுக்காரன் என்பதால் சந்தேகம் வராதாம். நானும் ஏதோ மனைவி சொல்லி அனுப்பியதுபோல முருங்கைக்காயும் கையுமாகப் போவேன். மூன்றாம் நாள் மச்சான் முகத்தைத் திருப்பாமலே, "ரெண்டு முழம் ஏறிக்கீதுன்னு சொல்லு. காய அந்த கூடையில போடு" என்றார்.

ஒரு நாள் தறிக்கு எதிர்ச் சுவரில் சாக்பீஸால் ஒரு தேதி எழுதியிருந்ததைப் பார்த்தேன். அரையிறுதி ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை அது. தான் ஆடப்போகாத ஆட்டத்தின் தேதியை மனுஷன் கண்ணெதிரில் எழுதி வைத்துக்கொண்டு நெய்கிறாரே என்று நினைத்தபடி, முருங்கைக்காயைக் கூடையில் போட மறந்து கையோடு திரும்பி வந்தேன். அன்று மாலை மனைவி, "அண்ணன் விடியக்காலம் ஆத்து மணல்ல ஓடிகினு கீதாம்" என்றாள். துக்கத்தை ஓடித் தீர்க்கிறார் என்று அதற்கும் நானே விளக்கம் சொன்னேன். படித்தவனுக்கு எதற்கும் ஒரு விளக்கம் கையிருப்பில் இருக்கும்.

புடவை சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்பே முடிந்தது. விரித்துப் பார்த்த டிரில் மாஸ்டர் முந்தானை மாங்காய்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, மரியாதைக்காக, பதினாறு பேர் பட்டியலில் பதினாறாவதாக மச்சான் பெயரை எழுதிக்கொண்டார்.

முதல் ஆட்டத்தில் சென்னைப் பையன் எங்கள் காசுக்கு, அதாவது எங்கள் ஜரிகைக்கு, மோசம் செய்யவில்லை. இரண்டு கோல் அடித்தான். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். அந்த மைதானத்தில் நாங்கள் ஜெயித்து எத்தனை நாள் ஆயிற்று என்று யாருக்கும் நினைவில்லை. சலூன்காரர் என்னைக் கட்டிப்பிடித்து, பூட்ஸ் பற்றித் தான் சொன்ன எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். என் தலைக்குப் பின்னால் ஏதோ ஒளிவட்டம் வருவதுபோல எனக்கே தோன்றியது.

அப்போது பையன் பையைத் திறந்து ஒரு கட்டு பத்திரிகைகளை எடுத்தான். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை தங்கச்சி கல்யாணம் சார். எல்லாரும் வந்துடணும்."

டிரில் மாஸ்டர் தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அடுத்த ஞாயித்துக்கெழமை செமிஃபைனல்பா. மூணு ஆட்டத்துக்கும் வரேன்னு சொன்னியே?"

"மூணு ஆட்டம்னு சொன்னீங்க, என்னைக்கினு சொல்லலையே சார். எங்கம்மா கூட கேட்டுச்சே, கல்யாணத்தன்னைக்கி ஆட்டம் எதுவும் வராதேன்னு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒளிவட்டம் எந்தப் பக்கமாகப் போனது என்று தெரியவில்லை. கூட்டத்தில் அதிர்ச்சி அடையாத முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மச்சான் பெஞ்சில் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "மச்சான், ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பொண்ணோட அம்மா பட்டுக்கடைக்கு போன் பண்ணி, ஜாக்கெட் தைக்கணும், முகூர்த்தத்துக்கு பத்து நாளு முன்ன வேணும்னாங்களாம். தேதியும் சொன்னாங்களாம். கடைக்காரரு எங்கிட்ட சொன்னாரு. செவுத்துல எழுதி வெச்சேனே, நீதான் தெனம் பாத்துகினு போனியே."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவர் நின்றார். "சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க? வேற ஒருத்தனத் தேடுவீங்க. இன்னிக்கி ஆட்டத்துக்கு இந்தப் பையன்தான் வேணும் மாப்ள. அவங்களோட அந்த லெஃப்ட் பேக்க என்னால தாண்ட முடியாது. அடுத்த ஆட்டம் என்னால முடியும். சேத்துப்பட்டுக்காரங்க ஆட்டம் எனக்கு மனப்பாடம்."

துக்கத்தை ஓடித் தீர்க்கிறார் என்று நான் சொன்ன விளக்கத்தை வீட்டுக்குப் போனதும் வாபஸ் வாங்கினேன்.

அரையிறுதியில் அதே சேத்துப்பட்டு அணி. கல்யாணத்துக்கு யாரும் போகவில்லை, மொய் மட்டும் அனுப்பினோம். மச்சானை அவர்கள் மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். பதினைந்து வருடப் பழக்கம். முதல் பாதியில் அவர் பந்தைத் தொட்டதே நாலைந்து முறைதான். கோட்டுக்கு வெளியே நின்று நான் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மனைவி, அவள் அதுவரை எந்த ஆட்டத்துக்கும் வந்ததில்லை, அவளும் கத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத்தான் பாதி கத்தினாள்.

இரண்டாம் பாதியில் ஒரு பந்து அவரிடம் வந்தது. கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மூவரும் வந்து மேலே விழுந்தார்கள்.

"அடிங்க மச்சான்! பாஸ் பண்ணாதீங்க, அடிங்க!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் அடிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்காலால் பந்தை இடப்பக்கம் தள்ளினார். அங்கே பவர்லூம் பட்டறையில் வேலை பார்க்கும் எங்கள் லெஃப்ட் விங், கேன்வாஸ் ஷூவோடு, யாருமே காவலில்லாமல் வந்துகொண்டிருந்தான். மூன்று பேரையும் தன் மேல் இழுத்துக்கொள்ளத்தான் அவர் அத்தனை நேரம் நின்றிருக்கிறார் என்பது பந்து வலைக்குள் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். அதுவே கடைசி வரைக்கும் நின்றது.

விசில் ஊதியதும் என் மனைவி மைதானத்துக்குள் ஓடினாள். நான் பின்னால் நடந்து போனேன். ஓடினால் மூச்சு வாங்கும்.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். கல்யாண வேலை ஓயாததால் பையனால் அதற்கும் வர முடியவில்லை. வாங்கியது இரண்டு கோல், ஏழு இல்லை. ஊரில் யாரும் சாப்பிடாமல் படுக்கவில்லை. டிரில் மாஸ்டர் மச்சானைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் முன்னால் வேண்டாம், நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாராம். அங்கே அவ்வளவாக ஓட வேண்டியதில்லை, பார்த்தால் போதும். மச்சான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, மறுநாள் விடியற்காலை மறுபடி ஆற்றுமணலில் ஓடினார்.

அந்த வாரக் கடைசியில் பட்டு வியாபாரி, அதே பாவில் அடுத்த புடவையையும் அணிக்கே தருவதாகச் சொல்லியனுப்பினார். சலூன் நிரம்பி வழிந்தது. நான் பத்திரிகையோடு, பிரேசில் வரைக்கும் பார்த்து வைத்த உதாரணங்களோடு, முன்னதாகவே போய் உட்கார்ந்திருந்தேன். வாசலில் மச்சான் வந்து நின்றார். அத்தனை வருடத்தில் அந்த விவாதத்துக்கு அவர் வந்ததே இல்லை. அவரைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருப்போம். சலூன்காரர் ஒரு வாடிக்கையாளரை எழுப்பிவிட்டு இடம் கொடுத்தார்.

"இந்த தபா யார வாங்கலாம் சொல்லுங்க" என்றார் டிரில் மாஸ்டர்.

நான் வாயைத் திறந்தேன்.

"மாப்ள, நீ கொஞ்சம் இரு" என்றார் மச்சான். "ஆறு ஜோடி பூட்ஸ் வாங்கணும். மொத ஜோடி அந்த லெஃப்ட் விங் பையனுக்கு. மீந்தா கோல்கீப்பருக்கு கையுறை. அப்பாலதான் மத்தது."

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பையனின் கால் அளவு என்ன என்று விசாரிக்க ஆரம்பித்தார். நான் பத்திரிகையை மடித்து தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஆறு ஜோடியும் ஒரே கடையில் எடுத்தால் விலை குறைப்பார்களா என்று கேட்டேன். அது நல்ல கேள்வி என்றார்கள்.