எல்லோரும் எழுந்து நின்றபோது

ஒஸ்லோவில் கோடை முடிவதற்குள் ஆற்றோரப் பூங்கா ஒன்றில் ஆசிய விழா நடக்கும். நான் இங்கே வந்த முதல் ஆண்டு தனியாகப் போனேன். ஜப்பானியர்களின் பெரிய முரசுகள், மூங்கில் குழல்களை உலுக்கி இசை எழுப்பிய இந்தோனேசியப் பெண்கள், ஒரே தொண்டையில் இரண்டு சுரம் பாடிய மங்கோலியர். எல்லாவற்றையும் கேட்டேன் என்பதைவிடச் சோதித்தேன் என்று சொல்வதே சரி. காது கேட்கும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. முரசுக்கு மைக் அதிகம் கிட்டே இருக்கிறது, பாட்டுக்கு எதிரொலி கூடிவிட்டது என்று வரிசையாகக் குறை கண்டுகொண்டே மோமோ தின்றேன்.

தமிழ்க் குழந்தைகளின் கும்மியில் ஒலி மிக மோசம். நான் கோயம்புத்தூர்க்காரி, அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். இருந்தாலும் தமிழ் என்பதால் உரிமை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பழக்கிய அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப வாற வருசம் நீர் வந்து செய்யும்."

'நீர்' என்று யாரும் என்னை அழைத்ததில்லை. ராஜா நாடகம் போல இருந்தது. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்படித்தான் பழக்கமானோம்.

அக்கா ஒரு பார்னஹாகெயில், அதாவது மழலையர் பள்ளியில், சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். நகரின் விளிம்பில், ரொம்சோஸில் ஏழாம் மாடி வீடு. ஞாயிறுகளில் அங்கே சாப்பிட்டேன். குளிர்காலம் முழுக்க என்னைத் தாங்கியது அந்த வீடுதான். தொலைக்காட்சிக்கு மேலே ஓர் இளைஞனின் படம், அதன் கீழே அணையாத சிறு மின்விளக்கு. ஒருமுறை நான் பார்ப்பதைக் கண்டு அக்கா சொன்னார்:

"என்ரை தம்பி."

நான் தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி சொதி ஊற்றிக்கொண்டேன். கேட்பது நாகரிகமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், பதில் வந்தால் என்ன முகத்தோடு உட்கார்ந்திருப்பது என்று தெரியாமல்தான் கேட்கவில்லை.

போன கோடையில் ஒலிப்பொறுப்பு எனக்கு வந்தது. சம்பளமில்லாத கூட்டுவேலை, டூக்னாட் என்பார்கள் இங்கே. எங்களுக்குக் கொடுத்தது இருபது நிமிடம். நிகழ்ச்சி நிரலை நானே தயாரித்தேன்: தொடக்கம், வீணை, கும்மி, நன்றி. தொடக்கத்தில் என்ன என்று கேட்டேன்.

"வழமையாச் செய்யிறதுதான். அதை நாங்கள் பாப்பம்" என்றார் அக்கா.

வழக்கமாகச் செய்வது எனக்கும் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் பள்ளி ஆண்டு விழாவோ அரசு விழாவோ, முதலில் அனைவரையும் எழுந்து நிற்கச் சொல்வார்கள். தமிழை வாழ்த்தும் பாட்டு ஒலிபெருக்கியில் வரும். பாட்டு வரத் தாமதமானால் ஒலிக்காரரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அவமானம் நமக்கு வேண்டாம் என்று பாட்டை முன்கூட்டியே என் ஃபோனில் இறக்கி வைத்திருந்தேன்.

அன்று அக்கா மேடையேறி, தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டார். புல்லில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். நோர்வேக்காரர்களும் பியர் குவளைகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். அக்கா தலை குனிந்தார். எல்லோரும் குனிந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை.

 பாட்டுக்காகக் காத்திருக்கிறார்கள், கொடுக்க வேண்டியவர்கள் மறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். ஃபோனை இணைத்தேன். ஒலியை ஏற்றினேன். பாட்டை ஓடவிட்டேன்.

ஒலி மிகத் தெளிவாக இருந்தது. ஆற்றின் அடுத்த கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். இதை எழுதும்போதும் அந்த விரலை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. மேடையோரம் நின்ற கும்மிச் சிறுமி ஒருத்தி, "அன்ரி, எங்கட பாட்டோ?" என்று கேட்டபடி நடுமேடைக்கு ஓடிவந்தாள். பாட்டு முடிந்ததும் நோர்வேக்காரர்கள் கைதட்டினார்கள்.

வீணைக்காரப் பெண்ணின் அப்பா என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, அது அகவணக்கம். செத்த எங்கட சனத்துக்கு ஒரு நிமிசம் பேசாமல் நிக்கிறது. அது இல்லாமல் நாங்கள் ஒண்டும் தொடங்கிறேல்லை."

"எனக்குத் தெரியாதுங்க. சாரிங்க."

"உங்கட ஊரிலை எல்லாத்துக்கும் ஒரு பாட்டு வேணும், என்ன?"

திரும்பவும் செய்யலாம் என்று நான் அக்காவுக்குச் சைகை காட்டினேன். அதற்குள் மேடை நிர்வாகி கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மறுபடி நின்றால் கும்மியைக் குறைக்க வேண்டும். பிள்ளைகள் அலங்காரத்தோடு காத்திருந்தார்கள். அக்கா பிள்ளைகளைப் பார்த்தார். வீணையைத் தொடங்கச் சொன்னார். அன்றைக்குக் கும்மியின் ஒவ்வொரு கைத்தட்டும் துல்லியமாகக் கேட்டதென்று பலர் பாராட்டினார்கள். எனக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சாமான் வண்டியின் பக்கம் நம் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வட்டமாகக் கூடுவதைப் பார்த்தேன். மேடையில் இழந்ததை அங்கே செய்யப் போகிறார்கள் என்று புரிந்தது. போவதா, விலகி நிற்பதா என்று தெரியாமல் கேபிளோடு நின்றேன்.

"வாரும்" என்றார் அக்கா. "முதல்லை உம்மடை ஃபோனை நிப்பாட்டும்."

யாரோ சிரித்தார்கள். நான் ஃபோனை அணைத்துவிட்டுப் போய் நின்றேன்.

மேடையில் ஜப்பானிய முரசுகள் தொடங்கியிருந்தன. தகர வண்டி அதிர்ந்தது. அதைக் குறைக்க என் கையில் எந்தப் பொத்தானும் இல்லை. அவர்கள் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொருவர் மனதிலும் ஒரு முகம் இருந்திருக்கும். வீணைக்காரப் பெண்ணின் அப்பா கண்களை இறுக மூடியிருந்தார். எனக்கு நினைக்க யாருமில்லை. கடைசியில் ரொம்சோஸ் வீட்டுப் படம் நினைவுக்கு வந்தது. அந்தப் பையனுக்கு மீசை உண்டா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. எத்தனையோ ஞாயிறுகள் அந்த முகத்துக்கு நேரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

எல்லோரும் தலை நிமிர்ந்ததும் அக்காவின் அருகே போனேன்.

"அக்கா, உங்க தம்பி பேரு என்னங்க?"

அவர் என் கையிலிருந்த கேபிளைப் பார்த்தார். அவசரத்தில் முறுக்கிச் சுற்றியிருந்தேன்.

"இப்பத்தான் கேக்கிறீர்" என்றார். கோபமில்லை. "இதை ஒழுங்காச் சுத்தி வையும். ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாரும், சொல்லுறன்."

பிரித்து, முதலிலிருந்து சுற்றத் தொடங்கினேன்.